ஒளிப்படத்தில் கவனத்தை வழிநடத்தும் கூறுகள்: நிறம், ஒளிர்வு, குவியம்

ஆய்வுச்சுருக்கம்

ஒளிப்படத்தைக் காண்பவரின் பார்வை அப்படத்தின் எல்லாப் பகுதிகளிலும் ஒரே சீராகப் படிவதில்லை. சில இடங்களில் அது தங்குகின்றது. சில இடங்களைக் கடந்து செல்கின்றது. சில இடங்களைத் தொடுவதே இல்லை. இத்தேர்வை நெறிப்படுத்தும் நிறம், ஒளிர்வு, குவியம் ஆகிய மூன்று கூறுகளும் இயங்கும் முறையை இக்கட்டுரை விளக்குகின்றது. இம்மூன்றும் தனித்து நின்று ஈர்ப்பதில்லை. சூழலோடு கொள்ளும் வேறுபாட்டாலேயே ஈர்க்கின்றன. ஓரிடத்திற்குக் கவனத்தைத் தரும்போது பிறிதோர் இடத்திலிருந்து அதனை விலக்குகின்றன. அவ்விலக்கலின் அளவு மூன்றிலும் ஒன்றுபோல் இருப்பதில்லை. இக்கருத்துகள் அறியப்பட்ட ஒளிப்படங்களைச் சான்றாகக் கொண்டு நிறுவப்படுகின்றன. ஒளிப்படத்தை ஆதாரமாகக் கொள்ளும் தமிழாய்வுக்கு இவ்வறிவு இன்றியமையாதது என்பதும் எடுத்துரைக்கப்படுகின்றது.

திறவுச்சொற்கள்: ஒளிப்படம், கவனம், நிறம், ஒளிர்வு, குவியம், கள ஆய்வு, ஆவணமாக்கம்.

முன்னுரை

தமிழில் புகைப்படம், நிழற்படம், ஒளிப்படம் என்னும் மூன்று சொற்கள் ஒரே பொருளில் வழங்கி வருகின்றன. கிரேக்க மூலத்தில் ஒளியையும் எழுத்தையும் குறிக்கும் சொற்கள் இணைந்து உருவான கலைச்சொல்லுக்கு ஒளிப்படம் என்பதே நெருக்கமானது. ஆயினும் நிழற்படம் என்னும் சொல்லும் ஓர் உண்மையைச் சுட்டுகின்றது. ஒளி விழுந்த இடத்தைப் போலவே ஒளி விழாத இடமும் படத்தை உருவாக்குகின்றது. காட்டப்பட்டதும் மறைக்கப்பட்டதும் சேர்ந்ததே படம்.

கல்வெட்டியல், சுவடியியல், நாட்டார் வழக்காற்றியல், நிகழ்த்துகலை ஆய்வு எனத் தமிழாய்வின் பல துறைகள் இன்று ஒளிப்படத்தைச் சான்றாகப் பயன்படுத்துகின்றன. ஆய்வேடுகளின் பின்னிணைப்பில் படங்கள் இடம்பெறாத கள ஆய்வு அரிது. எழுத்துச் சான்றை ஆராயும்போது பாடவேறுபாடு, இடைச்செருகல், பதிப்பாசிரியர் தலையீடு ஆகியவற்றை நுணுகி நோக்கும் மரபு தமிழாய்வில் வலுவாக உண்டு. படச்சான்றை அணுகும்போது அத்தகைய நுணுக்கம் பெரும்பாலும் கைக்கொள்ளப்படுவதில்லை. உள்ளதை உள்ளபடியே காட்டுவது படம் என்னும் எண்ணமே இதற்குக் காரணம். படமும் ஒரு பதிப்பே. எதனை முன்னிறுத்துவது, எதனைப் பின்னுக்குத் தள்ளுவது என்னும் தீர்மானங்கள் அதனுள் பொதிந்துள்ளன. அத்தீர்மானங்களைப் படித்தறிவதற்கான அடிப்படைகளை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கண்ணின் இயல்பும் கவனமும்

மனித விழித்திரையின் நடுவில் உள்ள சிறு குழியே நுண்ணிய விவரங்களைத் தெளிவாகக் காண வல்லது. கையை முழுவதும் நீட்டிக் கட்டைவிரலைப் பார்த்தால் அவ்விரலின் அகலம் எவ்வளவோ, ஏறத்தாழ அவ்வளவே, அதாவது சுமார் 2 பாகை அளவே, அக்குழியின் தெளிவான பார்வைக்குள் அடங்கும். அதற்கு வெளியே உள்ளவை மங்கலாகவே பதிகின்றன. இக்குறையை ஈடுசெய்யவே கண் ஓயாது தாவிக்கொண்டிருக்கின்றது. ஒரு நொடியில் ஏறத்தாழ 3 முறை பார்வை இடம் மாறுகின்றது. ஒரு படத்தை முழுமையாகப் பார்த்ததாகத் தோன்றும் உணர்வு, பல தாவல்களில் பெற்ற சிறு துண்டுகளை மூளை இணைத்துத் தந்ததேயாகும். எனவே எந்த இடத்திற்குப் பார்வை தாவ வேண்டும் என்பதை ஏதேனும் ஒன்று முடிவு செய்தாக வேண்டும்.

அம்முடிவு இருவழிகளில் நிகழ்கின்றது. முதலாவது, படத்திலிருந்து பார்வையாளரை நோக்கி வருவது. சூழலிலிருந்து மாறுபட்ட நிறம், மிகுந்த ஒளிர்வு, கூர்மையான விளிம்பு ஆகியவை பார்வையைத் தம்பால் இழுக்கின்றன. இரண்டாவது, பார்வையாளரிடமிருந்து படத்தை நோக்கிச் செல்வது. அவர் எதைத் தேடுகின்றாரோ அதனை நோக்கிப் பார்வை நகர்கின்றது. சோவியத் ஆய்வாளர் ஆல்ஃபிரட் யார்பஸ் இவ்விரண்டாம் வழியைத் தெளிவாகப் புலப்படுத்தினார். நாடு கடத்தப்பட்டிருந்த ஒருவர் எதிர்பாராமல் வீடு திரும்பும் காட்சியைக் காட்டும் இல்யா ரெப்பினின் ஓவியத்தை ஒருவரிடம் மீண்டும் மீண்டும் காட்டி, ஒவ்வொரு முறையும் வெவ்வேறு வினாவை முன்வைத்துக் கண் அசைவுகளைப் பதிவு செய்தார். ஓவியத்தில் உள்ளோரின் வயதைக் கேட்டபோது பார்வை முகங்களில் தங்கியது. குடும்பத்தின் பொருளாதார நிலையைக் கேட்டபோது உடை, அறைகலன் ஆகியவற்றின்மீது பரவியது. ஓவியம் மாறவில்லை, வினா மாறியது, பார்வையின் பாதையும் மாறியது. 1967இல் ஆங்கிலத்தில் வெளிவந்த அவரது நூல் இத்துறையின் அடிப்படை நூல்களுள் ஒன்றாக இன்றும் கருதப்படுகின்றது.

இதனால் ஒன்று பெறப்படுகின்றது. நிறமும் ஒளிர்வும் குவியமும் பார்வையாளரைக் கட்டுப்படுத்தும் விசைகள் அல்ல. வினா ஏதுமின்றிப் படத்தை அணுகுவோரை வழிநடத்தும் குறிப்புகள். வினாவோடு அணுகுவோர் அக்குறிப்புகளை மீறிப் பார்க்க இயலும். ஆனால் அம்மீறல் எல்லா இடங்களிலும் ஒரே அளவில் கைகூடுவதில்லை. மூன்று கூறுகளையும் தனித்தனியே நோக்கும்போது இது விளங்கும்.

நிறம்

சிவப்பு கவனத்தை ஈர்க்கும் நிறம் என்பது பரவலான கருத்து. சிவப்புச் சேலைகள் நிறைந்த ஒரு கூட்டத்தின் படத்தில் பார்வையை முதலில் ஈர்ப்பது அங்குள்ள ஒரே வெள்ளைச் சேலையாகவே இருக்கும். எனவே ஈர்ப்பது ஒரு குறிப்பிட்ட நிறமன்று, நிறத்தின் வேறுபாடு. ஆன் ட்ரீஸ்மன் தம் சக ஆய்வாளருடன் 1980இல் வெளியிட்ட ஆய்வு இதனை உறுதிப்படுத்துகின்றது. பச்சை உருக்களுக்கு இடையே உள்ள ஒரே சிவப்பு உருவைக் கண்டறிய ஆகும் நேரம், பச்சை உருக்களின் எண்ணிக்கை கூடினாலும் ஏறத்தாழ மாறுவதில்லை. நிறம், வடிவம் ஆகிய இரண்டு பண்புகளையும் சேர்த்துத் தேட வேண்டிய உருவாயின், எண்ணிக்கை கூடக் கூடத் தேடும் நேரமும் கூடுகின்றது. ஒற்றை நிற வேறுபாடு தேடலுக்கு முன்பே தன்னைக் காட்டிக்கொள்கின்றது.

இவ்வியல்பு முழுமையாகச் செயற்பட்ட ஒளிப்படமாக ஸ்டீவ் மெக்கரி 1984இல் பாகிஸ்தானின் ஆப்கான் அகதிகள் முகாமொன்றில் எடுத்து, நேஷனல் ஜியாகிரஃபிக் இதழின் 1985 ஜூன் மாத அட்டையில் வெளிவந்த சிறுமியின் படத்தைக் கூறலாம். செம்பழுப்பு நிறப் போர்வை முகத்தைச் சூழ்ந்துள்ளது. பின்னணி பச்சை. போர்வையின் கிழிசல்கள் வழியே தெரியும் உள்ளாடையும் பச்சை. அச்சிறுமியின் விழிகளும் பச்சை சார்ந்தவை. சிவப்பும் பச்சையும் ஒன்றையொன்று மிகுவிக்கும் எதிர்நிறங்கள். செம்பழுப்பால் சூழப்பட்ட பரப்பின் நடுவே இரு சிறு பச்சைப் புள்ளிகளாக விழிகள் அமைய, பார்வை அவ்விடத்தைத் தவிர்க்க இயலாததாகின்றது. பின்னணியில் வேறொரு நிறம் இருந்திருப்பின் அது விழிகளுக்குப் போட்டியாக நின்றிருக்கும். விழிகளின் நிறத்தையே பின்னணியும் கொண்டிருப்பதால் படம் முழுவதும் இரு நிறங்களின் உரையாடலாக ஒடுங்குகின்றது.

இப்படத்தின் பின்வரலாறு இக்கட்டுரையின் கருத்துக்கு நேரடியாகத் தொடர்புடையது. உலகெங்கும் அறியப்பட்ட அம்முகத்திற்குரியவரின் பெயர் ஷர்பத் குலா என்பது 2002இல்தான் அறியப்பட்டது. அவரை உறுதிசெய்யக் கருவிழிப் படலத்தின் அமைப்பே ஒப்பிடப்பட்டது. இடைப்பட்ட 17 ஆண்டுகள் அவர் விழிகளின் நிறத்தால் மட்டுமே அறியப்பட்டார். நிறம் தந்த கவனம் அளவற்றது. ஆனால் அக்கவனம் பெயர், குடும்பம், வாழ்க்கை ஆகிய எதனையும் தொடவில்லை.

நிற வேறுபாடும் ஒளிர்வு வேறுபாடும் ஒன்றல்ல என்பதையும் இங்குச் சுட்ட வேண்டும். பச்சை இலைகளின் நடுவே பூத்த செங்காந்தள் நிறப்படத்தில் தொலைவிலிருந்தே தெரியும். அதே படத்தைக் கருப்பு வெள்ளையாக மாற்றினால் பூவும் இலையும் ஏறத்தாழ ஒரே சாம்பல் நிறத்தில் கலந்துவிடக்கூடும். நிறத்தால் மட்டும் பெறப்பட்ட கவனம் நிறத்தோடு மறைகின்றது.

ஒளிர்வு

படத்தின் ஒரு பகுதியிலிருந்து கண்ணுக்கு வரும் வெளிச்சத்தின் மிகுதி குறைவு ஒளிர்வு எனப்படுகின்றது. இருண்ட சூழலில் வெளிச்சமான பகுதியும், வெளிச்சமான சூழலில் இருண்ட பகுதியும் பார்வையை ஈர்க்கின்றன. நிறத்தைப் போலவே இங்கும் வேறுபாடே அடிப்படை.

19ஆம் நூற்றாண்டு ஒளிப்படக் கலைஞர்களுக்கு ஒளிர்வு பெரும் சிக்கலாக இருந்தது. அக்காலப் படலங்கள் நீல ஒளியை மிகுதியாகவும் பச்சையைக் குறைவாகவும் உணர்ந்தன. சிவப்பை ஏறத்தாழ உணரவேயில்லை. நீல வானம் வெற்று வெண்மையாகப் பதிந்தது. கட்டடத்தைக் காட்ட எடுத்த படத்தில் பார்வை வானத்திற்குச் சென்றது. சென்னை மாகாண அரசின் ஒளிப்படக் கலைஞராகப் பணியாற்றி 1858இல் மதுரை, தஞ்சாவூர் முதலிய இடங்களைப் படமெடுத்த லினேயஸ் ட்ரைப், தம் காகித எதிர்ப்படிவங்களில் கையால் வண்ணம் தீட்டி வெற்று வானத்தில் மேகங்களை உருவாக்கினார். அழகுபடுத்துதல் என்று மட்டும் இதனைக் கருத இயலாது. வானத்தின் வெண்மையைக் குறைத்துக் கோபுரத்திற்குப் பார்வையை மீட்டுத் தரும் செயலாகவும் இது அமைகின்றது. அப்படங்களில் மேகங்களைக் காணும் ஆய்வாளர் அன்றைய வானிலையை அவற்றிலிருந்து கணிக்க இயலாது.

சிவப்பை உணராத படலம் சிவப்பைக் கருப்பாகக் காட்டும் என்பதும் நினைவிற் கொள்ளத்தக்கது. ஹெர்மன் வோகல் 1873இல் சாயங்களைச் சேர்த்துப் படலத்தின் உணர்திறனைப் பச்சை வரை விரிவாக்கும் வழியைக் கண்டறிந்தார். சிவப்பையும் உணரும் படலங்கள் 20ஆம் நூற்றாண்டிலேயே பரவலாயின. அதற்கு முற்பட்ட படமொன்றில் கருமையாகத் தெரியும் சேலை சிவப்பாக இருந்திருக்கலாம். நெற்றியில் தெரியும் கரும்பொட்டு குங்குமமாக இருந்திருக்கலாம். ஆடை, அணிகலன், சடங்கு குறித்த ஆய்வுகளில் இதனை நோக்காது முடிவுகூறுதல் பிழைக்கு இடந்தரும்.

ஒளிர்வைத் திட்டமிட்டு அமைக்கும் முறையை ஆன்சல் ஆடம்ஸ், ஃபிரெட் ஆர்ச்சர் ஆகியோர் 1940ஐ ஒட்டிய காலத்தில் வகுத்தனர். முழுக் கருமை முதல் முழு வெண்மை வரை 11 படிநிலைகளாகப் பகுத்து, காட்சியின் ஒவ்வொரு பகுதியும் எப்படிநிலையில் பதிய வேண்டும் என்பதைப் படமெடுக்கும் முன்பே தீர்மானிக்கும் முறை அது. அச்சிடும்போது ஓரங்களைச் சற்று இருளச்செய்து பார்வை சட்டகத்திற்கு வெளியே வழுக்கிச் செல்லாமல் காப்பதும் ஆடம்ஸ் பின்பற்றிய உத்தியாகும்.

ஒளிர்வை மாற்றுவது பொருளையே மாற்றும் என்பதற்கு 1994ஆம் ஆண்டு நிகழ்வொன்று சான்று. கொலைக் குற்றம் சாட்டப்பட்ட ஓ.ஜே. சிம்ப்சனைக் காவல்துறை எடுத்த படத்தை டைம், நியூஸ்வீக் ஆகிய இரு இதழ்களும் 1994 ஜூன் 27 தேதியிட்ட அட்டையில் வெளியிட்டன. நியூஸ்வீக் படத்தை இருந்தவாறே வெளியிட்டது. டைம் முகத்தின் ஒளிர்வைக் குறைத்து, ஓரங்களை இருளச்செய்து வெளியிட்டது. கடைகளில் இரண்டும் அருகருகே தொங்கியபோது வேறுபாடு வெளிப்பட்டது. கருப்பினத்தவரின் முகத்தை மேலும் கருமையாக்கி அச்சத்திற்குரியதாகக் காட்டியமை கடுங்கண்டனத்திற்கு உள்ளாக, டைம் இதழ் விளக்கமளிக்க நேர்ந்தது. முகத்தின் ஒரு கோடும் மாற்றி வரையப்படவில்லை. ஒளிர்வும் ஓரங்களும் மாறியமையே தீர்ப்புக்கு முன் ஒரு தீர்ப்பாகியது. ஒப்பிட்டு நோக்க மற்றோர் அட்டை இல்லாதிருப்பின் இம்மாற்றம் பலர் கண்ணுக்கும் புலப்பட்டிருக்காது.

குவியம்

வில்லைக்கு முன்னே வெவ்வேறு தொலைவுகளில் உள்ள பொருள்களுள் எத்தொலைவில் உள்ளவை கூர்மையாகப் பதிகின்றன என்பதைத் தீர்மானிப்பது குவியம். பேச்சுவழக்கில் இது ஃபோகஸ் எனப்படுகின்றது. வில்லையின் துளை அகன்றிருப்பின் கூர்மையாகப் பதியும் தொலைவின் அளவு குறுகும். துளை சிறுத்திருப்பின் அது விரியும். கூர்மையான பகுதியில் விளிம்புகளும் நுண்விவரங்களும் மிகுதி. மங்கிய பகுதியில் அவை இல்லை. விவரம் உள்ள இடத்தில் கண் தங்குவது இயல்பு.

ஆங்கிலேய ஒளிப்படக் கலைஞர் பீட்டர் ஹென்றி எமர்சன் 1889இல் வெளியிட்ட தம் நூலில் குவிய வேறுபாட்டைக் கண்ணின் இயல்பைக் கொண்டு நியாயப்படுத்தினார். கண் பார்வையின் நடுப்பகுதியை மட்டுமே கூர்மையாகக் காண்பதால், படத்திலும் முதன்மைப் பொருள் மட்டும் கூர்மையாகவும் ஏனையவை சற்று மென்மையாகவும் அமைவதே இயற்கைக்கு நெருக்கமானது என்பது அவர் வாதம். இதற்கு நேர்மாறான நிலைப்பாட்டை 1932இல் சான் பிரான்சிஸ்கோவில் ஆன்சல் ஆடம்ஸ், எட்வர்ட் வெஸ்டன், இமோஜன் கன்னிங்ஹாம் முதலியோர் உருவாக்கிய குழு மேற்கொண்டது. வில்லைத் துளையின் மிகச் சிறிய அளவுகளுள் ஒன்றான எஃப்/64 என்பதையே அக்குழு தன் பெயராகச் சூட்டிக்கொண்டது. அருகில் உள்ள கல்லும் தொலைவில் உள்ள மலையும் ஒரே கூர்மையுடன் பதிய வேண்டும் என்பது அவர்கள் கொள்கை.

எமர்சனின் வாதத்தில் ஓர் இடைவெளி உண்டு. உலகைக் காணும் கண் ஓரிடத்தில் நிற்பதில்லை. மங்கலாகத் தெரிந்த ஒன்றை நோக்கிப் பார்வை திரும்பிய உடனேயே அது கூர்மை பெறுகின்றது. ஒளிப்படத்தில் மங்கலாக உள்ளதை எவ்வளவு நேரம் நோக்கினாலும் அது மங்கலாகவே இருக்கின்றது. வாழ்வில் மங்கல் என்பது தற்காலிகம். படத்தில் அது நிரந்தரம்.

மூன்று கூறுகளுக்கும் இடையே உள்ள முதன்மையான வேறுபாடு இங்கே புலப்படுகின்றது. நிறத்தால் பின்னுக்குத் தள்ளப்பட்ட பொருளைப் பார்வையாளர் விரும்பினால் மீண்டும் சென்று காணலாம். அது முழுமையாக அங்கேயே உள்ளது. ஒளிர்வால் பின்னுக்குத் தள்ளப்பட்டது, முழு இருளிலோ முழு வெண்மையிலோ மூழ்காதவரை, முயன்று காணத்தக்கது. குவியத்தால் பின்னுக்குத் தள்ளப்பட்டது மீட்க இயலாதது. யார்பஸ் சுட்டிய வினாவோடு கூடிய பார்வையும் அங்கே பயன்படாது. நிறம் அழைக்கின்றது, ஒளிர்வு வரிசைப்படுத்துகின்றது, குவியம் கதவை அடைக்கின்றது எனலாம்.

ஒரு காட்சி, இரு படங்கள்

மூன்று கூறுகளும் சேர்ந்து இயங்குவதை ஒரே காட்சியைக் கொண்ட இரு படங்கள் வழி அறியலாம். 1984 டிசம்பர் 2ஆம் நாள் நள்ளிரவையொட்டிப் போபால் நகரில் யூனியன் கார்பைடு பூச்சிக்கொல்லித் தொழிற்சாலையிலிருந்து மெத்தில் ஐசோசயனேட் நச்சுவாயு கசிந்து ஆயிரக்கணக்கானோர் உயிரிழந்தனர். அதனை அடுத்துப் புதைக்கப்பட்ட ஒரு குழந்தையை ரகு ராய், பாப்லோ பார்த்தலோமியோ ஆகிய இரு இந்திய ஒளிப்படக் கலைஞர்கள் படமெடுத்தனர். ரகு ராயின் அறியப்பட்ட படம் கருப்பு வெள்ளை. பார்த்தலோமியோவின் படம் நிறப்படம். அது 1984ஆம் ஆண்டின் சிறந்த படமாக உலகப் பத்திரிகை ஒளிப்பட அமைப்பால் தேர்ந்தெடுக்கப்பட்டது.

ரகு ராயின் படத்தில் நிறம் இல்லாமையால் பார்வை ஒளிர்வை மட்டுமே பற்றிச் செல்கின்றது. மண்ணின் கருமையிலிருந்து குழந்தையின் முகம் பிரிந்து தெரிகின்றது. மூடப்படாத விழிகள் பார்வையை நிறுத்துகின்றன. மண்ணைத் தள்ளும் கை அடுத்துத் தெரிகின்றது. முகம், விழி, கை என்னும் இவ்வரிசையில் துயரம் உறவாக விரிகின்றது. பார்த்தலோமியோவின் படத்தில் நிறம் உண்டு. ஆனால் கவனத்தைச் சிதறச்செய்யும் அடர்நிறம் இல்லை. இங்கு நிறம் ஈர்ப்பதற்காக அமையவில்லை. இது தோல், இது மண் என உறுதிசெய்வதற்காக அமைந்துள்ளது. முன்னையது இழப்பின் குறியீடாகவும், பின்னையது நிகழ்ந்ததன் சாட்சியாகவும் நிற்கின்றன.

இரண்டிலும் பார்வையை நிறுத்துவது இறுதியில் குழந்தையின் முகமே. மூன்று கூறுகளும் முகத்திற்கான வழியைச் செப்பனிட்டுத் தந்தன. பொருளை அவை உருவாக்கவில்லை. அதேவேளையில் சட்டகம் முழுவதும் முகத்திற்கு ஒதுக்கப்பட்டமையால் தொழிற்சாலை இல்லை, நகரம் இல்லை, பொறுப்புடையோர் இல்லை. அக்குழந்தை யார் என்பதும் படங்களிலிருந்து அறிய இயலாதது. படம் விலக்கியதைப் படத்தின் கீழ் எழுதப்படும் குறிப்பே மீட்டுத் தரவேண்டியுள்ளது. இப்படங்களை உயிர்பிழைத்தோரின் நீதிப் போராட்டங்களில் ஏந்திச் சென்றபோது முழக்கங்களும் எழுத்துகளும் அப்பணியையே செய்தன.

தமிழாய்வில் படச்சான்று

கவனத்தை வழிநடத்துதல் தமிழ் எழுத்து மரபுக்குப் புதியதன்று. எழுத்தாணியால் கீறப்பட்ட ஓலையில் எழுத்தும் ஓலையும் ஒரே நிறத்தில் இருப்பதால் படிப்பது கடினம். விளக்குக்கரியையும் பச்சிலைச் சாற்றையும் தடவி எழுத்தின் பள்ளத்தைக் கருமையாக்கும் மையாடுதல் என்பது ஒளிர்வு வேறுபாட்டை உருவாக்கும் செயலே. கல்வெட்டு மைப்படியில் இது தலைகீழாகின்றது. ஈரத்தாளைக் கல்லில் பதித்துத் தட்டி மை ஒற்றும்போது கல்லின் பரப்பு கருமையாகவும் எழுத்தின் பள்ளம் வெண்மையாகவும் பதிகின்றன. நேரடி வெளிச்சத்தில் தெரியாத எழுத்து, சாய்வான வெளிச்சத்தில் பள்ளங்களில் நிழல் விழுவதால் தெரிவதும் இதே அடிப்படையில்தான்.

தமிழகக் கல்வெட்டுகளின் ஒளிப்படப் பதிவில் ட்ரைப்பின் பணி இங்குக் குறிப்பிடத்தக்கது. தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளத்தில் சுற்றி ஓடும் கல்வெட்டுகளை அவர் 1858இல் பகுதி பகுதியாகப் படமெடுத்து, 21 படங்களை இணைத்து ஏறத்தாழ 19 அடி நீளமுள்ள தொடராக ஆக்கினார். ஹுல்ட்ஷ் அக்கோயிற் கல்வெட்டுகளைப் பதிப்பித்து வெளியிடுவதற்கு 30 ஆண்டுகளுக்கு முற்பட்ட முயற்சி இது. இத்தொடரில் தனித்து முன்னிறுத்தப்பட்ட இடம் என ஒன்றில்லை. கருவியை நகர்த்தி நகர்த்தி எடுத்ததால் கவனம் எல்லா எழுத்துகளுக்கும் ஏறத்தாழச் சமமாகப் பகிரப்பட்டுள்ளது. எதனைப் படிப்பது என்னும் தேர்வு படிப்பவரிடமே விடப்பட்டுள்ளது. ஆவணப்படத்தின் இலக்கணம் இது எனலாம்.

இன்றைய கள ஆய்வுப் படங்கள் பெரும்பாலும் இதற்கு எதிர்த்திசையில் செல்கின்றன. இரவு முழுவதும் நிகழும் தெருக்கூத்தைப் படமெடுக்கும்போது கருவியின் மின்னொளி பயன்படுத்தப்படுகின்றது. ஒளியின் செறிவு தொலைவின் இருமடிக்கு எதிர்விகிதத்தில் குறையும். 2 மீட்டரில் நிற்கும் கட்டியங்காரன்மீது விழும் ஒளியில் நான்கில் ஒரு பங்கே 4 மீட்டரில் உள்ள மத்தளக்காரருக்கும் முகவீணைக் கலைஞருக்கும் பின்பாட்டுப் பாடுவோருக்கும் கிடைக்கும். படத்தில் வேடமிட்ட ஒருவர் ஒளிர, ஏனையோர் இருளில் கரைகின்றனர். கூட்டுக்கலையொன்று தனிக்கலைஞரின் கலையாகப் பதிவாகின்றது. பின்னாளில் அப்படத்தை மட்டும் காணும் ஆய்வாளர், இசைக்குழுவின் இருக்கை அமைப்பு, எண்ணிக்கை, கருவிகள் ஆகியவற்றை அறிய வழியில்லை. அக்கலைஞர்களுள் சிலருக்கு அப்படமே எஞ்சும் ஒரே பதிவாகவும் இருக்கக்கூடும்.

குவியத்தால் நேரும் இழப்பு இதனினும் பெரிது. 2016 முதல் கைப்பேசிகளில் பரவலான போர்ட்ரெய்ட் முறை, முகத்தைக் கூர்மையாக விட்டுச் சூழலைக் கணிப்பின் வழி மங்கச்செய்கின்றது. மட்பாண்டம் வனையும் முதியவர் ஒருவரை அம்முறையில் எடுத்தால் முகச் சுருக்கங்கள் அழகுறத் தெரியும். சக்கரம், சூளை, மண் குவியல், காயவைத்த பானைகளின் வரிசை ஆகியவை நிறத்திட்டுகளாகிவிடும். திணைக்கோட்பாட்டின் சொற்களால் கூறுவதாயின், முதற்பொருளும் கருப்பொருளும் அழிக்கப்பட்டு உரிப்பொருள் மட்டும் எஞ்சுகின்றது. நிலமும் பொழுதும் தொழிலும் கருவியும் இன்றி உணர்வு மட்டும் நிற்கும் பாடலை எத்திணைக்கு உரியதெனத் துணிவது எவ்வளவு அரிதோ, அவ்வளவு அரிது அப்படத்தைச் சான்றாகக் கொள்வதும்.

ஆகவே களத்தில் ஒவ்வொரு பொருளையும் குறைந்தது இருமுறை படமெடுத்தல் வேண்டும். ஒன்று, கவனத்தை ஓரிடத்தில் நிறுத்தும் படம். மற்றொன்று, சிறிய வில்லைத் துளையுடனும் பரவலான ஒளியுடனும் சூழல் முழுவதையும் கூர்மையாகக் காட்டும் படம். படக்குறிப்பில் இடம், நாள், ஒளியின் வகை, படத்தில் மேற்கொண்ட மாற்றங்கள் ஆகியவற்றோடு, சட்டகத்துள் அடங்காதவை எவை என்பதும் இடம்பெறுதல் நன்று. பதிப்பாசிரியர் தம் பதிப்பு நெறியை முன்னுரையில் கூறுவது எவ்வாறு கடமையோ, அவ்வாறே இதுவும்.

முடிவுரை

நிறம், ஒளிர்வு, குவியம் ஆகியவை சூழலோடு கொள்ளும் வேறுபாட்டால் கவனத்தை வழிநடத்துகின்றன. எந்நிறமும் எவ்வெளிச்சமும் தனித்து நின்று ஈர்ப்பதில்லை. ஓரிடத்திற்குத் தரப்படும் கவனம் பிறிதோர் இடத்திலிருந்து பெறப்பட்டதே. நிறத்தால் விலக்கப்பட்டதை மீண்டும் காணலாம். ஒளிர்வால் விலக்கப்பட்டதை முயன்று காணலாம். குவியத்தால் விலக்கப்பட்டதைக் காண இயலாது. உலகம் அறிந்த முகத்தின் பெயர் 17 ஆண்டுகள் அறியப்படாதிருந்ததும், ஒளிர்வை மாற்றிய அட்டைப்படம் ஒருவரைக் குற்றவாளியாகக் காட்டியதும் இவ்விலக்கலின் விளைவுகள்.

படத்தைச் சான்றாகக் கொள்ளும் ஆய்வாளர், படம் எங்கே பார்க்கச் சொல்கின்றது என்பதை முதலில் அறிய வேண்டும். அதன்பின், அங்கிருந்து பார்வையை விலக்கி ஓரங்களையும் இருளையும் மங்கலையும் தம் வினாவோடு நோக்க வேண்டும். அங்கே ஒன்றும் கிடைக்கவில்லையாயின், அப்படம் அப்பொருளைப் பற்றிச் சான்று கூறவில்லை என்பதையும் ஆய்வில் பதிவுசெய்ய வேண்டும். மத்தளக்காரர் படத்தில் இல்லாமை, அவர் கூத்தில் இல்லாமைக்குச் சான்றாகாது.